மச்சான் மௌத்தான ஞாயிற்றுக்கிழமை

நாம் ஆதரிக்கும் அணி ஜெயித்தால் ஒரு சந்தோஷம். நமக்கு ஆகாத அணி தோற்றால் அதைவிடப் பெரிய சந்தோஷம். கால்பந்து பார்க்கிற எவனும் இதை வாய்விட்டு ஒப்புக்கொள்ள மாட்டான். நான் ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்ளாமல் தப்பிக்க எனக்கு வழியும் இல்லை. கொச்சி மட்டாஞ்சேரி முழுக்க இதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். போதாததற்கு, ஆளுயரத்தில் ஒரு தடயம் இன்னும் மழையில் நனைந்துகொண்டிருக்கிறது.

எங்கள் சந்துக்குச் சுக்குச் சந்து என்று பெயர். அத்தாவின் கடை அங்கேதான்: சுக்கு, மிளகு, கொஞ்சம் ஜாதிக்காய். சந்தின் பெயரிலேயே ஒரு செவன்ஸ் க்ளப். (செவன்ஸ் என்றால் அணிக்கு ஏழே பேர். மைதானம் சின்னது, சண்டை பெரியது.) இரண்டு தெரு தள்ளி, பழைய கயிற்றுக் கிடங்குகள் இருக்கிற பக்கம், கயிறு கொடவுன் க்ளப். நாங்கள் பச்சை, அவர்கள் மஞ்சள். இரண்டு க்ளப்புக்கும் நடுவில் ஒரு மீன் கடையும் ஒரு சாயாக் கடையும் தீராத பகையும் இருந்தன.

நான் ஆடுகிறவன் இல்லை. பந்து என்னை நோக்கி வந்தால் ஒதுங்கி வழிவிடுவேன், அவ்வளவு மரியாதை. என் வேலை மைக். போட்டி நாட்களில் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்பு, மாலையில் மைதானத்தில் வர்ணனை. பாதி மலையாளம், பாதி தமிழ், மீதி கூச்சல். (பாதியும் பாதியும் போனபிறகு மீதி ஏது என்று கேட்பவர்கள் என் வர்ணனையைக் கேட்டதில்லை.)

இதில் ஒரு சிக்கல். என் ஒரே அக்கா பரீதாவைக் கட்டிக்கொண்டவர் கயிறு கொடவுன் க்ளப்பின் செக்ரட்டரி. கோல்கீப்பரும் அவரேதான். பெயர் ஜமால். கல்யாணம் பேசும்போது பையன் என்ன தொழில், என்ன குணம் என்றெல்லாம் விசாரித்த என் அத்தா, எந்த க்ளப் என்று மட்டும் கேட்காமல் விட்டுவிட்டார். நிக்காஹ் அன்று பந்தலுக்கு வெளியே மஞ்சள் கொடி கட்டிய பைக்குகள் வரிசையாக வந்து நின்றபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

ஜமால் மச்சான் தங்கமான மனிதர். நாக்கில் மட்டும் கொஞ்சம் காரம் கூடுதல். தோற்றுவிட்டால் அந்த நாக்கு யாரையும் விட்டுவைக்காது. வைப்பினிலிருந்து படகேறி வந்து ஆடிக்கொண்டிருந்த மீன்பிடிக்காரன் சாபு ஒரு பெனால்டியைத் தவறவிட்டபோது, “நீ வலை வீசத்தாண்டா லாயக்கு, வலைக்குள்ள அடிக்க லாயக்கில்ல” என்று மைதானத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சாபு அதோடு போனவன்தான். எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்த தென்காசிக்காரன் முருகன், ஒருநாள் தாமதமாக வந்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டு போனான். வல்லார்பாடத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிற ஒருவனும், அவனுடைய கூட்டாளி ஒருவனும் எதற்காகப் போனார்கள் என்பது மச்சானுக்கே மறந்துவிட்டது. இப்படி ஒவ்வொருவராக உதிர்ந்து, அந்த வருஷம் கயிறு கொடவுனில் மிச்சமிருந்தது மச்சானும் இரண்டு பேரும்தான். பந்து பொறுக்கிப் போடுகிறவனை இறக்கினார்கள், சாயாக் கடைக்காரரின் தம்பியை இறக்கினார்கள், ஆடிய ஆட்டமெல்லாம் தோற்றார்கள். பிறகு அப்படி இறக்கியவர்களும் வராமல் போக, ஒரு ஆட்டத்துக்கு ஏழு பேர் சேராமல் மைதானத்துக்கே வரவில்லை. இன்னொரு முறை வராவிட்டால் லீக் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடுவோம் என்று லீக் கமிட்டி சொல்லிவிட்டது. க்ளப் ரூமின் சொந்தக்காரரும் சாவியைத் திரும்ப வாங்கக் காத்திருந்தார். அந்த அடுத்த ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, எங்களோடு.

எனக்கு அந்த வாரம் முழுக்கப் பெருநாள்தான். இப்போது யோசித்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. எங்கள் க்ளப் அப்படி ஒன்றும் கிழித்துவிடவில்லை. பட்டியலில் கயிறு கொடவுன் கடைசி என்றால் அதற்கு நேர் மேலே நாங்கள். எங்கள் கேப்டன் ஜோஷி சேட்டனுக்கு முட்டி வலி, எங்கள் முன்களவீரனுக்குப் பந்தைவிடக் கேலரியில்தான் கண். ஆனால் இதெல்லாம் எங்கள் கண்ணில் படவே இல்லை. நாங்கள் மேலே அண்ணாந்து பார்ப்பதே கிடையாது, கீழே குனிந்து பார்த்துத்தான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

இந்த ஆனந்தத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

கேரளத்தில் ஒருவர் இறந்துவிட்டால் அன்றைக்கே தெருமுனையில் ஃப்ளெக்ஸ் போர்டு வைத்துவிடுவார்கள். மேலே ‘ஆதராஞ்சலிகள்’ என்று பெரிய எழுத்து, நடுவில் முட்டை வடிவத்தில் போட்டோ, கீழே பெயர். தோற்ற அணிக்கும் வம்புக்காக அதே மாதிரி போர்டு வைப்பது இங்கே வழக்கம். கயிறு கொடவுனுக்கு ஒன்று வைத்துவிடலாம் என்று நான் சொன்னதும் ஜோஷி சேட்டன் என் முதுகில் தட்டினார்.

“எடா சலீமே, கலக்கிட்டே! இது பொளிக்கும்!”

என் முதுகில் தட்டினால் நான் எதையும் செய்வேன். நேராக ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஆதராஞ்சலி டிசைனைத் திறந்தார். க்ளப் சின்னத்தை நடுவில் வைத்துப் பார்த்தோம், எடுபடவில்லை. “இது ஆள் முகத்துக்குன்னு பண்ணின டிசைன். முகம் இல்லேன்னா சோகம் வராது” என்றார் அவர். தொழில் தெரிந்தவர் சொன்னால் கேட்க வேண்டாமா? என் ஃபோனில் மச்சானின் போட்டோ ஒன்று இருந்தது. அக்காவின் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு எடுத்தது. வெள்ளைச் சட்டை, தூரத்துப் பார்வை, முகத்தில் ஆழ்ந்த துயரம். (பிரியாணி வர ஒரு மணி நேரம் தாமதமான சமயம் அது.) முட்டைக்குள் அச்சாகப் பொருந்திவிட்டது. கீழே ‘ஜமால்’ என்று பெரிதாகவும், அதற்கும் கீழே சிறிய எழுத்தில், ‘தொடர் தோல்வி தாங்காமல் மறைந்த கயிறு கொடவுன் க்ளப்பின் கோல்கீப்பர். நல்லடக்கம் ஞாயிறு மாலை, மைதானத்தில்’ என்றும் போட்டோம். மலையாளத்தில் படிக்க இன்னும் நன்றாக இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜங்ஷனில் போர்டைக் கட்டிவிட்டு, கொஞ்ச நேரம் தள்ளி நின்று ரசித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நான் போன பிறகு அங்கே நேந்திரம்பழம் விற்கிறவர் வழக்கம்போல வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். பழக்குலைகள் வரிசையாகத் தொங்கி, போர்டின் கீழ்ப்பாதியை மறைத்துவிட்டன. அந்த வழியாக ஆட்டோவில் போன யாரோ ஒரு நல்ல மனிதர் பதறிப்போய்ப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். அதில் தெரிந்தது மூன்றே விஷயங்கள்: ஆதராஞ்சலிகள், மச்சானின் முகம், ஜமால்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அம்மாவின் அலறலில் எழுந்தேன். பாலக்காட்டிலிருந்து பெரியம்மா ஃபோன். மச்சான் மௌத்தாகிவிட்டாராம், அவர்கள் வேன் பிடித்துக் கிளம்பிவிட்டார்களாம், பாதி தூரம் வந்துவிட்டார்களாம்.

“போன வாரங்கூட என்கிட்ட பேசிச்சேடா அந்தப் புள்ள! ஐயோ, எம்மவ பரீதா!” என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அக்காவுக்கு ஃபோன் செய்தால் எடுக்கவில்லை. (அது எப்போதும் அவள் பையன் கையில் இருக்கும், அவன் கேம் ஆடிக்கொண்டிருப்பான்.) மச்சானுக்குச் செய்தால் ஸ்விட்ச் ஆஃப். இன்றைக்கு டீம் வருமா வராதா என்று கமிட்டிக்காரர்கள் நச்சரித்ததால் இரண்டு நாளாக ஃபோனை அணைத்துவிட்டு வீட்டுக்குள் சுருண்டு கிடந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் வழக்கத்தில் மய்யத்தை அடக்காமல் அதிக நேரம் வைத்திருக்க மாட்டார்கள். அதனால் செய்தி கேட்டால் யாரும் நின்று விசாரிப்பதில்லை. முகம் பார்க்க முடியாமல் போய்விடுமே என்று அப்படியே ஓடிவருவார்கள்.

அம்மா அழுத அழுகை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சிரிப்புக்காகச் செய்த ஒன்றுக்கு ஒருவர் இப்படி அழுவதைப் பார்ப்பது கொடுமை. “அம்மா, மச்சானுக்கு ஒண்ணும் இல்ல. அது நான்தான்...” என்றேன். மேலே சொல்ல வரவில்லை. சொன்னவரைக்கும் போதுமானதாக இருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அடுப்பங்கரையிலிருந்து தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

அக்கா வீட்டு வாசலில் கூட்டம். வாடகைச் சாமான் கடைக்காரர் யாரும் சொல்லாமலேயே பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார். ஓரமாக, பந்தலுக்கு நட்டிருந்த மூங்கிலைப் பிடித்தபடி தேம்பிக்கொண்டிருந்தான் வைப்பின் சாபு. அவனுக்குப் பக்கத்தில் கைலியில் மைதா மாவோடு முருகன். லாரிக்காரனும் அவன் கூட்டாளியும் தலைகுனிந்து நின்றார்கள். இந்த நாலு பேரும் ஒன்றாக நின்று நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

சத்தம் கேட்டு அக்கா கதவைத் திறந்தாள். நாற்காலிகளைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள்.

“என்ன விசேஷம்? யாருக்கு என்ன?” என்றாள்.

அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் பிரஷோடு மச்சான் வந்தார்.

நாற்காலிக்காரர் கையிலிருந்த நாற்காலிகள் மொத்தமாகக் கீழே விழுந்தன. சாபு ஒரு நொடி உறைந்து நின்றான். பிறகு பாய்ந்து போய், பற்பசை நுரையோடு மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

“இக்கா, என்னோடு க்ஷமிக்கணும் இக்கா! அன்னு ஞான் அங்ஙனே போகருதாயிருந்நு!” என்று கதறினான். அன்றைக்கு நான் அப்படிப் போயிருக்கக் கூடாது, மன்னித்துவிடுங்கள் என்று. உயிரோடு இருப்பவரிடம் ஒரு வருஷமாகச் சொல்ல முடியாததை, இறந்தவருக்குச் சொல்ல வந்த வேகத்தில் சொல்லிவிட்டான்.

மச்சானுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் அவர் கை தானாகச் சாபுவின் முதுகைத் தடவியது. அதைப் பார்த்தபோது எனக்கு அங்கிருந்து மறைந்துவிடலாம் போலிருந்தது.

நிம்மதி கொஞ்ச நேரம்தான். அப்புறம் எல்லாருக்கும் கோபம் வந்தது. “பிசைஞ்ச மாவ அப்படியே போட்டுட்டு ஓடியாந்திருக்கேன். முதலாளிக்கு யாரு பதில் சொல்றது?” என்று முருகன் குதித்தான். லாரிக்காரன் செய்தியை அனுப்பியவனைத் தேடினான். யாரோ ஃபோனில் அந்தப் போட்டோவைக் காட்ட, அக்கா வாங்கிப் பார்த்தாள். நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள். கூடப் பிறந்தவள், விசாரணையெல்லாம் அவளுக்குத் தேவையில்லை.

“இது நம்ம பால்காய்ச்சுல எடுத்த போட்டோ. உன் ஃபோன்லதானேடா இருந்துச்சு?”

மச்சான் வாயைக் கொப்பளித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு ஜங்ஷனை நோக்கி நடந்தார். பின்னாலேயே மொத்தக் கூட்டமும். தன் சாவுக்கு வந்த கூட்டத்துக்குத் தானே முன்னால் நடந்துபோன மனிதரை மட்டாஞ்சேரி அன்றைக்குத்தான் பார்த்தது. பழ வண்டியைத் தள்ளச் சொல்லி, போர்டை மேலிருந்து கீழ்வரை படித்தார். சிறிய எழுத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார். அறை விழும் என்று நான் கன்னத்தைத் தயார் செய்துகொண்டேன்.

“போட்டோ நல்லாத்தான் வந்திருக்கு” என்றார். பிறகு சாபுவின் பக்கம் திரும்பி, “ஏண்டா, மாசக்கணக்கா ஃபோன் பண்ணினேன், ஒருத்தனும் எடுக்கல. செத்தேன்னதும் படகேறி வந்துட்டீங்களேடா?” என்று கேட்டார்.

“இக்கா எவிட விளிச்சு? சீத்தயல்லே விளிச்சது!” என்றான் சாபு. நீங்கள் எங்கே கூப்பிட்டீர்கள், திட்டத்தானே செய்தீர்கள் என்று.

மச்சான் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சாபு, முருகன், லாரிக்காரன், அவன் கூட்டாளி. க்ளப்பில் மிச்சமிருந்த இரண்டு பேரும் செய்தி கேட்டு ஓடிவந்து அங்கேதான் நின்றார்கள். அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். ஆளை எண்ணுகிறார்.

“என்னையும் சேர்த்து ஏழு பேர் ஆச்சு” என்றார் மச்சான்.

பாலக்காட்டு வேன் வந்து சேர்ந்தது அப்போதுதான். சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால் பெரியம்மா பெரிய சட்டிகளில் சோறும் பருப்பும் ஆட்டுக்கறியும் ஆக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். மருமகன் உயிரோடு இருப்பதைப் பார்த்து முதலில் அழுதார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு என் காதைத் திருகினார்கள். கறி வீணாகிவிடக் கூடாது என்று எல்லாரையும் உட்காரவைத்துப் பரிமாறினார்கள். வாடகை நாற்காலிகள் உபயோகப்பட்டன. மச்சானின் சாவுச் சோற்றை மச்சானே இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. செத்தவர் கோல் நிற்கிறார் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? மஞ்சள் சட்டை பாதிப்பேருக்குத் தொப்பையில் ஏறவில்லை. முருகன் கைலியை அவிழ்த்துவிட்டு யாருடைய டிரவுசரையோ போட்டுக்கொண்டு நின்றான். மைக் என் கையில். மச்சான் பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் கேலரியில் இருப்பவர்கள், “சலீமே, ஆரா பிடிச்சது?” என்று கேட்பார்கள். “மறைந்த ஜமால்” என்று நான் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் விடவில்லை.

நாங்கள் அடித்த எல்லாவற்றையும் மறைந்த ஜமால் பிடித்தார். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சமனில் முடிந்தால்கூட எங்களுக்குப் பெரிய அவமானமில்லை. அப்போது அவர் நீளமாக உதைத்த பந்து லாரிக்காரனின் வயிற்றில் பட்டுத் தெறித்து, சாபுவின் காலுக்குப் போனது. சாபு ஒருதரம் திரும்பி மச்சானைப் பார்த்தான். அடித்தான். வலைக்குள் போனது.

நான் “கோ...ல்!” என்று கத்தினேன். அது வர்ணனையாளனின் கடமை என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியில்லை. எங்கள் க்ளப் கோல் அடித்தபோதுகூட நான் அவ்வளவு நீளமாக இழுத்ததில்லை. மூச்சு முடியும்வரை இழுத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மைதானத்தின் அந்தக் கோடியில் மச்சான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சாபுவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். இன்றைக்கு இவர்கள் வராமல் போயிருந்தால் இந்த மஞ்சள் நிறத்தை இனிமேல் இந்த மைதானத்தில் பார்த்திருக்கவே மாட்டேன் என்று அப்போது தோன்றியது. அவர்கள் போய்விட்டால் நான் யாரைப் பார்த்துச் சிரிப்பேன்? ஞாயிற்றுக்கிழமைகளில் யாரிடம் தோற்கக்கூடாது என்று பயப்படுவேன்? அவர்கள் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை நாளும் அதைப் பகை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பீக்கரில் என் சத்தம் அடங்கியபோது பச்சைச் சட்டைக்காரர்கள் எல்லாரும் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எடா, நீ ஆருடெ ஆளாடா?” என்றார் ஜோஷி சேட்டன். நீ யார் பக்கம் என்று. அதன்பிறகு அந்த வருஷம் முழுக்க மைக் என் கைக்கு வரவில்லை. சரியான தண்டனைதான்.

கயிறு கொடவுன் பட்டியலில் தப்பித்தது. க்ளப் ரூமின் சாவியும் மச்சானிடமே இருந்தது. அந்த போர்டை அவர் அவிழ்த்துக்கொண்டுபோய், ஒழுகிக்கொண்டிருந்த ரூமின் கூரைமேல் விரித்துக் கட்டினார். மழைக்காலத்தில் அந்தப் பக்கத்து மாடியிலிருந்து பார்த்தால் மச்சான் வெள்ளைச் சட்டையோடு வானத்தைப் பார்த்துத் துயரத்தில் படுத்திருப்பது தெரியும். எங்கள் வீட்டில் இதைச் சொல்லாத விருந்து கிடையாது. மச்சான் ஃபோன் செய்தால் இன்றைக்கும் அம்மா, “மௌத்தானவரு கூப்பிடறாரு, எடுடா” என்றுதான் சொல்வார்கள். யாராவது என்னைப் போட்டோ எடுத்துத் தரச் சொன்னால், எதற்கு என்று அக்கா கேட்டுவிட்டுத்தான் விடுவாள்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது பட்டியலில் கடைசியில் இருப்பது நாங்கள். ஜோஷி சேட்டன் முட்டியைக் காட்டி ஒதுங்கிவிட்டார். பாதிப்பேர் வளைகுடாவில், மீதிப்பேர் என்னோடு கோபத்தில். (நான் இப்போது செக்ரட்டரி. மச்சானின் நாக்கு எனக்கும் வந்துவிட்டது.) போன ஆட்டத்துக்கு எங்களால் ஏழு பேரைச் சேர்க்க முடியவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையும் வராவிட்டால் எங்கள் பெயரையும் எடுத்துவிடுவார்கள். இரண்டு நாளாக ஃபோனை அணைத்துவிட்டுக் கடையின் பின்பக்கம் சுக்கு மூட்டையில் சாய்ந்து கிடந்தேன். நேற்று மச்சான் நேரிலேயே வந்துவிட்டார். எதிரில் ஒரு மூட்டையில் உட்கார்ந்தார். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“உன் போட்டோ ஒண்ணு குடு சலீமு” என்றார்.

நான் புரியாமல் பார்த்தேன். பிறகு புரிந்தது. ஃபோனைப் போட்டு, தேடி, போன பெருநாளுக்கு எடுத்ததைக் காட்டினேன். மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, ஆகாது என்று தலையாட்டினார்.

“இது வேணாம், சிரிக்கிறே. யாரும் நம்ப மாட்டாங்க” என்றார். “பசியா இருக்கறப்ப எடுத்தது ஏதாவது இருக்கா, பாரு.”